ஓலை கட்டிய படித்துறை

பிள்ளையை இப்படிக் கொடும்மா. இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையையும் எப்படிப் பிடிப்பாய்? பேட்டை தாண்டுகிற வரைக்கும் பஸ் குலுக்கி எடுத்துவிடும். கொடு. பயப்படாதே. ஆடுகிற இடத்தில் பிள்ளை வளர்த்தவள் நான். படகில் வளர்த்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், எங்களுக்கு வீடே படகுதான்.

ஆ, எப்படிச் சிரிக்கிறான் பார். பையன்தானே? நாலு மாசமா? கர்த்தர் காப்பாற்றட்டும். நல்ல எடை இருக்கிறான்.

இருமலா? அது ஒன்றும் இல்லை மக்கா. போன வாரம் ஒரு துக்க வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போனேன், வரும்போது மழை. திரும்பி இருமிக்கொள்கிறேன், பிள்ளை மேலே படாது.

நீ தென்காசியா? நான் பாவூர்சத்திரத்தில் இறங்கிவிடுவேன். மகள் வீட்டுக்குப் போகிறேன். பேரன் பிறந்திருக்கிறான். பிறந்து இரண்டு மாசம் ஆகப் போகிறது, நான் இன்னும் பார்க்கவில்லை. நம்புவாயா? கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அந்த ஏழு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்தது யார்? நான். பிள்ளை வந்தபிறகு அந்த ஆச்சி கையில் கொடுக்க மனசு வரவில்லை என் மகளுக்கு. குறை சொல்லவில்லை. வருத்தம். குறை வேறு, வருத்தம் வேறு, இல்லையா?

வர வேண்டாம் என்றுவிட்டாள் மக்கா. வாயால் சொன்னது போதாதென்று கேட்டில் ஓலையும் கட்டியிருக்கிறாள். இரு, படம் காட்டுகிறேன். கண்ணாடி எங்கே... இதோ பார். மாப்பிள்ளை ஜாஸ்பர் அனுப்பியது. பச்சைத் தென்னோலை, குறுக்கே ஒரு கயிறு, கயிற்றில் ஓலைக் கீற்று வரிசையாகத் தொங்குகிறது. பார்க்கிறவன் ஏதோ கல்யாண வீடு என்று நினைப்பான். கல்யாணம் இல்லை. அது நாங்கள் படகில் இருந்த ஆற்று ஜனங்களின் கட்டு. "உள்ளே வராதே" என்று அர்த்தம். முடிச்சைக்கூட அவர்கள் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறாள். இருபத்து மூன்று வருஷம் கழித்து அந்த முடிச்சு அவள் கைக்கு ஞாபகம் இருக்கிறது. பெற்ற தாய் மட்டும் ஞாபகம் இல்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுதேன்.

பிள்ளை குறை மாசத்தில் பிறந்தது. கையளவுதான் இருந்தானாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து இப்போதுதான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். நெஞ்சு இன்னும் பலப்படவில்லையாம். சளி இருமல் உள்ளவர்கள் பக்கத்தில் வரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். போனில் கேட்டாள், "அம்மா, உங்களுக்கு இருமல் இருக்கா?" என்று. "இல்லயே" என்றேன். பொய்யில்லை மக்கா. அந்த நிமிஷம் இருமவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே வந்துவிட்டது, என்ன பண்ண? பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் கூப்பிடுதேன். அப்ப வாங்க. அதுவரைக்கும் வராதீங்க. கெஞ்சிக் கேக்கேன்." மறுநாள் இந்தப் படம் வந்தது.

என் மகன் நத்தான் கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனிடம் சொன்னால் அவனும் அக்கா பக்கம். "போகாதீங்கம்மா, அவ சொல்லுததுல நியாயம் இருக்கு" என்கிறான். நான் அவனிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஒரு பச்சைப் பிள்ளை நெஞ்சு பலமில்லாமல் கிடக்கிறது. தலையில் கை வைத்து ஜெபம் பண்ண ஆச்சி போகாமல் வேறு யார் போவார்கள்? கட்டின ஓலை எனக்குப் புதுசா? எத்தனை ஓலையைக் கண்டிருக்கிறேன்.

நீ கேட்கவில்லை, ஆனால் உன் முகம் கேட்கிறது. சொல்கிறேன். ஆலங்குளம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

எங்களுக்குச் சாயர்புரம். மகள் பெயர் பியூலா, பியூலா அப்பா பெயர் ஆசீர்வாதம். கம்பவுண்டராக இருந்தார்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கர்த்தருடைய அழைப்பு வந்தது என்று ஊழியத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு மிஷனரி சங்கம் எங்களை போர்னியோ தீவுக்கு அனுப்பியது. கடலுக்கு நடுவில் பெரிய தீவு, உள்ளே முழுக்கக் காடு. ரோடு கிடையாது. ஆறுதான் ரோடு. லுவான் என்று எங்கள் ஆறு. அகலமாக, டீ போட்ட தண்ணீர் மாதிரி ஓடும். அதில் மேலே போகப்போக ஊர்கள். ஊர் என்றால் நம் ஊர் மாதிரித் தெரு இல்லை. ஒரே நீள வீடு, உயரமான கால்களில் நிற்கும். ஒரு கூரைக்கு அடியில் இருபது குடும்பம், முப்பது குடும்பம். வரிசையாகக் கதவுகள். எல்லாக் கதவுக்கும் முன்னால் ஒரே நீளத் தாழ்வாரம். ஒரு பிள்ளை அழுதால் ஊர் முழுக்கக் கேட்கும்.

படகுக்குக் 'கிருபை' என்று பெயர். மரப் படகு, மேலே தகரம், பின்னால் இன்ஜின். நடுவில் ஒரு அறை. அதில் பலகைக் கட்டில் இரண்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ், மருந்துப் பெட்டி. தகரத்தின் மேலே டின்னில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தேன். பிள்ளைகள் தவழ்கிற வயசில் இடுப்பில் கயிறு கட்டி இன்ஜின் கம்பியில் முடிந்துவிடுவேன். ஆற்றில் விழக்கூடாதே. நத்தான் ஊரிலே பிறந்துவிட்டுத்தான் வந்தான்... இரு, முதலில் இருந்து சொல்கிறேன், பியூலாதான் மூத்தவள். அவள் பிறந்தது ஆற்றில். இரண்டாவது பிரசவத்துக்கு மட்டும் ஊருக்கு வந்தேன், நத்தானுக்கு இங்கே ஊசியெல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பியூலாவுக்கு ஒரு ஊசி கிடையாது, ஒரு சொட்டு மருந்து கிடையாது. கர்த்தர் வளர்த்த பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்வேன்.

இப்போது அவள் என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? தடுப்பூசி போடுகிற நர்ஸ். ஐஸ் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். "நம்ம ஊழியத்தைத்தான் நீயும் செய்யுத பியூலா" என்று ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

என்னம்மா, பிள்ளைக்குப் பசியா? இல்லை, என் சேலையைப் பிடித்து இழுத்து விளையாடுகிறான். இருக்கட்டும்.

அந்த ஓலைக் கட்டு. அதைச் சொல்ல வந்தேன். நீள வீட்டில் ஒரு சாவு விழுந்தாலோ, கெட்ட கனவு கண்டாலோ, ஏதோ ஒரு பறவை தப்பான பக்கம் கத்தினாலோ, ஊரை அடைத்துவிடுவார்கள். 'பந்தாங்' என்பார்கள். படித்துறையில் பிரம்புக் கயிறு கட்டி ஓலையைத் தொங்கவிட்டால் வெளியாள் ஏறக்கூடாது, உள்ளாள் இறங்கக்கூடாது. முதல் வருஷம் ஒன்றும் தெரியாமல் குருத்தோலை ஞாயிறுக்கு நம்மை வரவேற்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பியூலா அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சங்கத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, அந்த ஓலைதான் பேய்பயத்தின் கட்டு, அதை அன்போடு கடந்து போங்கள் என்று. கடந்தோம். நாங்கள் ஏறினோம், ஜெபித்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களே பிறகு வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். கிழங்கு அவித்துக் கொடுப்பார்கள். அப்படிப் பல ஊர். அதனால் எனக்கு அதில் பயமே இல்லாமல் போனது. ஜெபத்தோடு செய்கிற காரியம்தானே.

பியூலாவுக்குப் பத்து வயசு நடக்கும்போது, கிறிஸ்துமஸ் கழித்து, டீசல் போட ஆற்று முகத்தில் உள்ள டவுனுக்கு இறங்கினோம். அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு நிரம்பிக் கிடந்தது. ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளை. எல்லாம் காய்ச்சல். பார்த்துவிட்டுச் சும்மா வர முடியுமா? கட்டில் கட்டிலாகப் போய் ஜெபம் பண்ணினோம். பியூலா பாட்டுப் பாடினாள். அவ்வளவு இனிமையான குரல் அப்போது. ஒரு சின்னப் பெண் அவளை விடவேயில்லை, மடியில் படுத்துக்கொண்டது.

பிறகு மேலே கிளம்பினோம். வழியில் இரண்டு ஊரில் தங்கி, மெதுவாகத்தான் போனோம். மேலே கடைசி ஊருக்குப் போவதென்றால் பியூலாவுக்கு உயிர். அங்கே உசுன் என்று ஒரு பெண், இவள் வயசு. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பார்ப்பார்கள், ஆனால் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. ஒரே பாயில் படுப்பார்கள், ஒரே இலையில் தின்பார்கள். ஒருத்தி கடித்ததை ஒருத்தி மென்று முடிப்பாள் என்று பியூலா அப்பா கேலி பண்ணுவார்கள்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் போகும்போது பியூலாவுக்கு உடம்பு கொஞ்சம் கதகதவென்று இருந்தது. கண் சிவந்து நீர் வடிந்தது. ஸ்டவ் புகை. மூக்கொழுகல், இருமல். ஆற்றுக் காற்று. பியூலா அப்பா இன்ஜின் பக்கத்தில் இருந்து கேட்டார்கள்.

"ஞானம், பிள்ளைக்குக் காய்ச்சலா?"

"வெயில் சூடுங்க" என்றேன்.

வளைவு திரும்பினதும் படித்துறை தெரிந்தது. ஓலை கட்டியிருந்தது. எப்போதும் கட்டுவது போல ஒரு கயிறு இல்லை, இரண்டு கயிறு. மேலே உசுனுடைய அம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் வீசிக் கத்தினாள்.

பியூலா அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பாஷை என்னைவிட நல்லாத் தெரியும். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்கள். "கீழ ஆத்துல சீக்கு பரவுதாம். இங்க யாருக்கும் இல்லியாம். அதனாலதான் அடைச்சிருக்காங்களாம். இது பேய்க்குக் கட்டினது இல்ல ஞானம். திரும்பிருவோம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, நானாகப் பேசவில்லை. "சீக்குன்னா பின்ன மருந்துப் பெட்டி எதுக்குங்க இருக்கு? சீக்கு வருதுன்னு பயந்து கதவைச் சாத்துனவங்ககிட்டத்தானே நாம போகணும்?" என்றேன். பியூலா அப்பா நல்லவர்கள், ஆனால் கொஞ்சம் தயங்குகிற சுபாவம். நான்தான் படியில் இறங்கினேன். நான்தான் அந்த ஓலையைத் தூக்கினேன். லேசாக இருந்தது மக்கா. ஒரு கையால் தூக்கிவிட்டேன். இவ்வளவு லேசான ஒன்றுக்கா இவ்வளவு பயம் என்று நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நத்தான் என் பின்னாலேயே ஓடி வந்துவிட்டான். பியூலா படகிலேயே நின்றாள். "அம்மா, ஓலை கட்டியிருக்கும்மா" என்றாள். "நான் வரல. எனக்கு உடம்பு சுடுது." உசுனைப் பார்க்க அத்தனை ஆசையோடு வந்தவள், வர மாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிப்போனேன்.

உசுன் அம்மா பின்னால் பின்னால் போனாள். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தள்ளிவிடுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. பாயை விரித்துப் போட்டாள். உசுன் ஓடி வந்து பியூலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பார், இவ்வளவுதான், எவ்வளவு அன்பான ஜனங்கள் என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அப்புறம் பியூலாவுக்கு முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் சிவப்பாகப் போட்டது. வேர்க்குரு. அந்த ஊர் புழுக்கத்துக்கு வேர்க்குரு வராமல் என்ன செய்யும்? உசுன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிவிட்டாள். நாலைந்து நாளில் பியூலா எழுந்துவிட்டாள்.

இப்போது கவனி மக்கா, கர்த்தருடைய வழி எப்படி என்று. நாங்கள் போன அன்றைக்கு அந்த ஊரில் ஒருத்தருக்கும் நோய் இல்லை. ஒருத்தருக்கும் இல்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் ஆரம்பித்தது. முதலில் உசுன். அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு. நோய் வரப்போகிறது என்று எங்களுக்கு முன்னால் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களை முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்! இதை நான் எத்தனையோ சபையில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள்.

பியூலா ஒரு தடவை அந்தக் கூட்டத்தில் இருந்தாள். காலேஜ் படிக்கிற காலம். நான் சொல்லி முடித்து இறங்கினதும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். "அம்மா, எனக்கு வந்தது வேர்க்குருவா?" என்று கேட்டாள்.

"வேர்க்குருதான்" என்றேன்.

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். தாய்க்குத் தெரியாதா பிள்ளைக்கு வந்தது என்னவென்று? அதற்குப் பிறகு அவள் என்னோடு எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை.

அந்த ஊரில் நான் தூங்கவில்லை மக்கா. கஞ்சி வைத்தேன், உடம்பு துடைத்தேன், கதவு கதவாகப் போனேன். முதலில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினவர்கள், முடியாமல் படுத்தபிறகு என் கையில்தான் தண்ணீர் குடித்தார்கள். எத்தனை பேர் போனார்கள் என்று கேட்காதே. சின்னப் பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் வழக்கத்தில் மரத்தைக் குடைந்துதான் பெட்டி செய்வார்கள். மரம் வெட்டுகிற ஆம்பிளைகள் எல்லாம் படுத்துக் கிடந்தார்கள். அதனால் பியூலா அப்பா படகுப் பலகையைப் பெயர்த்தார்கள். முதலில் அறையின் தரைப் பலகை. பிறகு பிள்ளைகள் கட்டில். பிறகு என் கட்டில். உசுனுக்கு வேண்டி என் கட்டிலைப் பெயர்க்கும்போது பியூலா பக்கத்தில் நின்று ஆணிகளைப் பொறுக்கி ஒரு சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஆணி கோணலாக இருந்தால் கல்லால் தட்டி நேராக்கி அப்பா கையில் கொடுத்தாள்.

நான் அதற்குப் பிறகு இன்ஜின் மூடியில்தான் படுத்தேன். இடுப்பு வலி அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

நாங்கள் புறப்பட்ட அன்றைக்கு உசுன் அம்மா படித்துறைக்கு வந்தாள். தலைமுடியை வெட்டியிருந்தாள், அவர்கள் துக்க வழக்கம். கையில் அந்த ஓலை, பழைய ஓலை, நான் தூக்கி ஓரமாக வைத்தது. தண்ணீரில் இறங்கி வந்து எங்கள் படகின் மூக்கில் அதைக் கட்டினாள். நிதானமாக, அழகாகக் கட்டினாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை துக்கத்திலும் நம் படகுக்கு அலங்காரம் பண்ணி வழியனுப்புகிறாளே என்று. அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள். வெட்கப்படுகிற ஜனங்கள்.

கீழே வரும்போது ஒரு ஊரிலும் எங்களை இறக்கவில்லை. படகைக் கண்டதும் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் சொன்னேன், "ஏங்க, அந்தக் காஞ்ச ஓலையை அவுத்துப் போடுங்களேன், பாக்க நல்லா இல்ல" என்று.

"இருக்கட்டும் ஞானம்" என்றார்கள் பியூலா அப்பா. "அது நமக்குக் கட்டினது."

அதற்கு என்ன அர்த்தமோ. அதுமுதல் அவர்களுக்கு ஊழியத்தில் ஊக்கம் குறைந்துவிட்டது. ஓலை கட்டின ஊர் என்றால் படகைத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் எல்லா ஊரிலும் கட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் இன்ஜின் சத்தம் கேட்டாலே ஓலை. பிசாசு அந்த ஆற்றை அப்படிப் பிடித்துக்கொண்டது. கடைசியில் சங்கமே எங்களைத் திரும்ப வரச் சொல்லிவிட்டது.

பியூலா அப்பா கர்த்தரிடம் போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் ஒரு பழக்கம் இருந்தது. படுத்தபடியே கையைக் கட்டிலுக்கு அடியில் விட்டுத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். "என்னங்க தேடுதீங்க?" என்று கேட்பேன். "பலகை இருக்கா ஞானம்?" என்பார்கள். "இருக்குங்க" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பியூலா வந்து பார்த்துவிட்டு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அப்பாவும் மகளும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நான் உள்ளே வந்தால் இருவரும் வேறு எங்கேயோ பார்ப்பார்கள்.

என் வீட்டில் எனக்குத் தெரியாமல் என்ன இருந்தது மக்கா? எதைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். நானும் ஜெபத்தில் வைத்துவிட்டேன்.

ஆலங்குளம் வந்துவிட்டதா? பேச்சில் தெரியவில்லை. இதோ, இந்த இருமல். இரு... முந்தானையில் பொத்திக்கொண்டேன். ஒன்றும் ஆகாது.

ஏன், பிள்ளையை வாங்கிக்கொள்கிறாயா? தூங்கப் போகிறானோ? சரி, சரி, மெதுவாக, கழுத்தைப் பிடி. என் மடிதான் அவனுக்குப் பழகிவிட்டது. பரவாயில்லை, தாய் மடி மாதிரி வருமா.

ஜன்னல் பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டாயே, அங்கே வெயில் அடிக்குமே அம்மா. என் மேல் இடிக்குமென்று பார்க்காதே, இவ்வளவு இடம் கிடக்கிறது.

என்ன கேட்டாய்? ஊருக்குத் திரும்பிப் போய்விடுங்கள் என்றா? நீயுமா? பியூலா போலவே சொல்கிறாயே. அவளும் இப்படித்தான், கோபமில்லாமல், மெதுவாக. அப்படிச் சொன்னால்தான் எனக்குத் தாங்க முடிவதில்லை. கத்திச் சண்டை போட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

நேற்று ஜெபத்தில் உட்கார்ந்தேன். பேரனுக்காக ஆரம்பித்தேன். வாயில் உசுன் பெயர் வந்தது. திரும்ப ஆரம்பித்தேன். திரும்பவும் அதே பெயர். அதற்கு மேல் வார்த்தை ஓடவில்லை. ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஆனதில்லை. அப்போதுதான் முடிவு பண்ணினேன், தூரத்தில் இருந்து பண்ணுகிற ஜெபம் போதாது, நேரில் போக வேண்டும் என்று. நீ சொல், அதுதானே அர்த்தம்? வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

பையில் என்ன தேடுகிறாய்?

அவள் கோபப்படட்டும். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். என் மகள் என்னைப் பிடித்தா தள்ளிவிடுவாள்? உசுன் அம்மாவே தள்ளவில்லை. பாய் விரித்தாள்.

நடத்துனர் தம்பி, பாவூர்சத்திரம் வந்தா சொல்லுப்பா. இறங்க நேரம் எடுக்கும் எனக்கு.

ஏ மக்கா, அந்தத் துண்டை ஏன் கம்பியில் கட்டுகிறாய்? வெயிலுக்கா? வெயில் அந்தப் பக்கம்தானே அடிக்கிறது, நீ நமக்கு நடுவில் அல்லவா கட்டியிருக்கிறாய். பிள்ளை முகமே தெரியவில்லை எனக்கு. நல்ல இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டாய்.

வந்துவிட்டதா தம்பி? இதோ, இறங்குகிறேன், ஒரு நிமிஷம் நிறுத்தி வை.

அழாதே, ஏன் அழுகிறாய்? நான் ஒன்றும் செய்ய மாட்டேன். இவ்வளவு தூரம் என் மடியில் வந்த பிள்ளை, ஆசீர்வாதம் பண்ணாமல் எப்படி விட்டுப் போவேன்? தலையில் கை வைத்து ஒரே ஒரு ஜெபம். இந்தத் துண்டை மட்டும் இப்படித் தூக்கிக்கொள்கிறேன். லேசான துணிதானே.